பழி ஓரிடம், பட்டை ஓரிடம்

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் ஒரு குணத்தைக் கவனித்திருப்பீர்கள். வண்டி எப்படி இருக்கிறது என்று கேட்டால் இன்ஜினைப் பற்றி மட்டும்தான் பேசுவார்கள். ‘இன்ஜின் பூ மாதிரி சார்! காதை வெச்சு கேட்டாக்கூட சத்தம் வராது’ என்பார்கள். அதே வண்டியின் பின் சீட்டில் உட்கார்ந்து வேளச்சேரியிலிருந்து தாம்பரம் வரை போய் வந்தவரைக் கேளுங்கள். பூவுக்குக் கீழே முள் இருக்கும் விஷயம் அவருக்குத்தான் தெரியும்.

இன்ஜினுக்கு மரியாதை கிடைப்பதற்குக் காரணம், அது முன்னால் இருக்கிறது. பானெட்டைத் திறந்தால் முகம் காட்டும். பின் சஸ்பென்ஷன் அப்படியில்லை. வண்டியின் வயிற்றுக்கு அடியில், சேற்றிலும் சகதியிலும், யார் கண்ணிலும் படாமல் வருஷக்கணக்காகப் பாரம் சுமக்கும். உங்கள் ஆபீஸில் டெஸ்பாட்ச் செக்‌ஷனில் ஒருவர் இருப்பாரே, அவர் மாதிரி. அவர் லீவு போட்டால்தான் அப்படி ஒரு ஆசாமி இருப்பதே மேனேஜருக்குத் தெரியவரும்.

இந்த வாரம் அந்த ஆசாமியைப் பற்றி.

உதாரணத்துக்கு எங்கள் பெரியப்பாவின் அம்பாசடரை எடுத்துக்கொள்கிறேன். 1996 மாடல். உத்தர்பாரா தொழிற்சாலையில் 2014-ல் அம்பாசடர் செய்வதையே நிறுத்திவிட்டார்கள். பெரியப்பா ஓட்டுவதை நிறுத்தவில்லை. ஆர்.சி.யை ஐந்தைந்து வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை தவறாமல் துடைத்துக்கொண்டு, குரோம்பேட்டையில் கம்பீரமாக வலம் வருகிறார்.

போன தீபாவளிக்கு அப்புறம் அந்த வண்டி பின்பக்கம் இடதுபுறமாகச் சாய ஆரம்பித்தது. பின்னாலிருந்து பார்த்தால், ஒரு தோளில் ஆபீஸ் பையை மாட்டிக்கொண்டு பஸ்ஸுக்கு நிற்கிற மனுஷன் மாதிரி இருக்கும்.

பின் சீட்டில் இடதுபுறம் எப்போதும் உட்காருவது பெரியம்மா. பெரியம்மா கொஞ்சம் பூசினாற்போன்ற உடம்பு. இரண்டையும் கூட்டி விடை போடப் பெரியப்பாவுக்கு அதிக நேரம் ஆகவில்லை. போட்டதோடு நிறுத்தியிருக்கலாம். சம்பந்தி வீட்டார் வந்திருந்தபோது, வண்டி ஏன் சாய்ந்து நிற்கிறது என்று அவர்கள் கேட்க, ‘இருபத்தஞ்சு வருஷத்துக்கு மேல ஒரே எடத்துல உட்கார்ந்தா அமுங்காம என்ன பண்ணும்?’ என்று சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள். பெரியம்மாவைத் தவிர.

அன்றிலிருந்து பெரியம்மா அந்தக் காரில் ஏறவில்லை. கோயிலுக்கு நடை. மாம்பலத்துக்கு மின்சார ரயில். அடுத்த மாதம் விழுப்புரத்தில் பெண்ணுக்கு வளைகாப்பு. ‘நீங்க கார்ல வாங்க. நான் பாசஞ்சர்ல வந்துக்கறேன். ரயில் சாயாது’ என்று அறிவித்துவிட்டார். வீட்டில் பேச்சுவார்த்தை, ‘காபி டேபிள் மேல இருக்கு’ என்ற ஒரே வாக்கியத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

பெரியப்பா எனக்கு போன் போட்டார். ‘டேய், நீதான் வண்டி கிண்டின்னு எழுதறவனாச்சே. ஒரு நடை வந்து பாருடா.’

* * *

என்ன பார்த்தோம் என்பதற்கு முன்னால், அடியில் என்ன இருக்கிறது என்று சொல்லிவிடுகிறேன்.

அம்பாசடரின் பின்பக்கம் இருப்பது கமான் பட்டை. நம் தாத்தாக்கள் ஏறிப்போன வில் வண்டியின் வில்லும் இதே வம்சம்தான். நீளம் குறைந்துகொண்டே போகிற எஃகுப் பட்டைகளை அடுக்கி, நடுவில் துளை போட்டு ஒரு போல்ட்டால் கோத்திருக்கும். அது சென்டர் போல்ட். எல்லாவற்றிலும் நீளமானது மெயின் பட்டை. அதன் இரண்டு முனையும் சுருட்டி வளையமாக இருக்கும். முன் வளையம் வண்டியின் அடியில் நேராக மாட்டியிருக்கும். பின் வளையம், ‘ஷேக்கிள்’ என்று ஊஞ்சல் மாதிரி ஆடக்கூடிய ஒரு துண்டில் தொங்கும். ஏன் ஊஞ்சல்? வளைந்திருக்கும் வில்லை அமுக்கினால் நிமிர்ந்து நீளும். நீள இடம் வேண்டாமா? அதற்கு.

இந்தப் பட்டைக் கட்டையும் ஆக்ஸிலையும் சேர்த்து இறுக்கிப் பிடிப்பவை ‘யு’ போல்ட்டுகள். இந்தக் கதையின் முக்கியப் பாத்திரம் அவைதான். ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

அப்புறம் ஷாக் அப்சார்பர். இது பாரம் தாங்கும் என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள். கிடையாது! பாரம் தாங்குவது பட்டை. மேடு பள்ளத்தில் பட்டை துள்ளும்போது, ‘போதும், உட்காருப்பா’ என்று தோளில் கை வைக்கிறதுதான் ஷாக் அப்சார்பரின் வேலை. ஆகையால் வண்டி சாய்ந்து நிற்கிறது என்று புது ஷாக் அப்சார்பர் வாங்கி மாட்டினால் வண்டி சாய்ந்தே நிற்கும். பர்ஸ்தான் இளைக்கும்.

* * *

முதல் பரிசோதனைக்குச் செலவு ஒரு டேப். வண்டியைச் சமதரையில் நிறுத்துங்கள். நாலு டயரிலும் காற்று சரியாக இருக்கட்டும். டிக்கி காலியாக இருக்கட்டும்.

பெரியப்பாவின் டிக்கியைக் காலி செய்யவே அரைமணி நேரம் ஆயிற்று. இரண்டு இருபத்தைந்து கிலோ அரிசி மூட்டை, தண்ணீர் கேன், குடை மூன்று, எந்தக் காலத்திலோ நடந்த கும்பாபிஷேகத்தின் மலர் ஒரு கட்டு. அரிசி மட்டும் ஐம்பது கிலோ! இது பெரியப்பாவின் எடைக் கணக்கில் ஏனோ வரவே இல்லை. பெட்ரோலுக்கும் எடை உண்டு என்பதை அவரிடம் சொன்னேன். நாற்பது லிட்டர் போட்டால் சுமார் முப்பது கிலோ. ‘அதெல்லாம் திரவம்டா’ என்றார்.

சக்கரத்தின் நடுப்புள்ளியிலிருந்து மேலே மட்கார்டு விளிம்பு வரை அளக்க வேண்டும். தரையிலிருந்து அளந்தால் டயர் தேய்மானமும் கணக்கில் புகுந்துவிடும். அளந்தோம். இடதுபுறம் நாலு சென்டிமீட்டர் குறைச்சல்.

அதை வைத்து உடனே பின் பட்டையின் மேல் குற்றம் சாட்டக் கூடாது. நாலு கால் மேஜையில் ஒரு காலுக்கு அட்டை வைத்தால் மற்றக் கால்களின் ஆட்டமும் மாறுகிறதல்லவா? அதே மாதிரி முன்பக்கம் ஒரு மூலை ஏறி இறங்கியிருந்தாலும் பின்பக்கம் கோணலாகத் தெரியும். அம்பாசடரின் முன்பக்கம் டார்ஷன் பார் என்கிற முறுக்குக் கம்பியில் நிற்கிறது. அது ஒருபுறம் தளர்ந்தாலும் பழி பின்னால் வந்து விழும்.

இதைப் பிரித்தறிய ஒரு வழி உண்டு. பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுத்துவிட்டு, வண்டியின் முன்பக்கத்தில் சரியாக நடு இடத்தில் ஜாக்கி வைத்து, முன் சக்கரங்கள் தரையை விட்டு இலேசாகக் கிளம்பும்வரை ஏற்ற வேண்டும். இப்போது முன்பக்கம் ஒற்றைப் புள்ளியில் நிற்கிறது. சாய்வதா நிமிர்வதா என்பதை இப்போது பின் பட்டைகள் மட்டுமே தீர்மானிக்கும். மறுபடி பின்னால் அளக்க வேண்டும். இந்த நேரத்தில் யாரும் வண்டிக்கு அடியில் தலையை நீட்டக் கூடாது. ஜாக்கி என்பது தூக்குவதற்கு. நம்புவதற்கு அல்ல.

அளந்தோம். சாய்வு அப்படியே இருந்தது. ஆக, முன்பக்கம் நிரபராதி.

இரண்டாவது பரிசோதனைக்கு டேப்பும் வேண்டாம். டிக்கியின் மூலையில் இரண்டு கையையும் ஊன்றி அமுக்கி விடுங்கள். எழும்பி, ஒரு தரம் இறங்கி அடங்கினால் ஷாக் அப்சார்பர் பரவாயில்லை. தொட்டில் மாதிரி மூன்று நாலு தரம் ஆடினால் போயிற்று என்று அர்த்தம். ஆனால் பட்டை வண்டியில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. துருப்பிடித்த பட்டைகள் ஒன்றோடொன்று உரசியே ஆட்டத்தை நிறுத்திவிடும். அதனால் ஷாக் அப்சார்பரில் எண்ணெய் கசிந்து மண் அப்பியிருக்கிறதா என்பதையும் குனிந்து பார்த்துவிடுங்கள். எங்களுடையது காய்ந்த மேனியாகவே இருந்தது.

மூன்றாவது, காது. பழைய வண்டி பேசும். பாஷை தெரிந்தால் போதும்.

‘கிரீச்... கிரீச்’ என்றால் பட்டைகளுக்கு நடுவே காய்ந்துவிட்டது, அல்லது ஷேக்கிள் புஷ் தேய்ந்துவிட்டது. பள்ளத்தில் ‘டொம்’ என்று ஒரே அடியாக இடித்தால் பட்டை தளர்ந்து, ஆக்ஸில் மேலே உள்ள ரப்பரில் மோதுகிறது. சின்னக் கல்லில் ஏறினால்கூட ‘லொட லொட’ என்றால் ஷாக் அப்சார்பரின் புஷ். சிக்னலில் கிளம்பும்போதும் பிரேக் பிடிக்கும்போதும் மட்டும் ‘டக்’ என்றால் இரண்டு பேர் மேல் சந்தேகம்: புரொப்பெல்லர் ஷாஃப்ட்டின் கிராஸ் பேரிங், அல்லது தளர்ந்த யு போல்ட்.

எங்கள் வண்டி ‘டக்’ ஜாதி.

நாலாவது, தடம். நனைந்த தரையில் வண்டியை நேராக ஓட்டிவிட்டு இறங்கிப் பாருங்கள். முன் சக்கரத் தடத்துக்கும் பின் சக்கரத் தடத்துக்கும் உள்ள தள்ளல் இரண்டு பக்கமும் ஒரே அளவாக இருக்க வேண்டும். ஒருபக்கமாக ஒதுங்கியிருந்தால் சென்டர் போல்ட் அறுந்து, ஆக்ஸில் இடம் பெயர்ந்துவிட்டது. வண்டி நண்டு மாதிரி போய்க்கொண்டிருக்கிறது என்று பொருள். அப்படியிருந்தால் அதற்குமேல் ஓட்டாதீர்கள். எங்கள் வண்டி இன்னும் நண்டாகவில்லை.

* * *

பல்லாவரத்தில் குழி உள்ள ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். மெக்கானிக் பாய், அம்பாசடரோடு கூடவே வளர்ந்தவர். குழியில் இறங்கி டார்ச் அடித்தார். முதலில் கிராஸ் பேரிங்கைப் பிடித்து முறுக்கிப் பார்த்தார். ஆட்டமில்லை. அடுத்து இடதுபுற யு போல்ட்டுக்கு வந்தார். விரலால் தொட்டு வெளியே நீட்டினார்.

‘இன்னா சார் இது?’

குங்குமம் மாதிரி சிவப்புத் தூள்.

‘துரு’ என்றார் பெரியப்பா.

‘துருன்னா அப்பிக்கினு இருக்கும் சார். இது அரைச்ச துரு. ரெண்டு இரும்பு டைட்டா இருந்தா தூள் வராது. லூஸா இருந்து உரசினாத்தான் வரும்.’

ஸ்பானரைப் போட்டார். தம் கட்டித் திருப்ப வேண்டிய நட், கேட்டதும் கடன் கொடுக்கிற நண்பன் மாதிரி சுலபமாகச் சுற்றியது.

வண்டியைத் தூக்கி, பாடிக்குக் கீழே ஸ்டாண்டு கொடுத்து, ஆக்ஸிலுக்குத் தனியாக ஜாக்கி கொடுத்து, பட்டைக் கட்டைக் கழற்றி இறக்கினார். சென்டர் போல்ட்டைத் தொடுமுன் கட்டு முழுவதையும் கிளாம்ப் போட்டு இறுக்கினார். வில் அல்லவா? சும்மா கழற்றினால் துள்ளி முகத்தைப் பெயர்த்துவிடும். கிளாம்ப்பை மெல்லத் தளர்த்தியதும் அடுக்கு விரிந்தது. மெயின் பட்டை முழுசாக இருந்தது. அதற்கடுத்த இரண்டாவது பட்டை நடுத் துளையில் சரிபாதியாக இரண்டு துண்டு!

வெளியே இருந்து பார்த்தால் தெரியவே தெரியாது. உடைந்த இடத்தை யு போல்ட்டும் பிளேட்டும் மூடிக்கொண்டிருந்தன.

பாய் ஒரு துண்டைத் துடைத்து வெயிலில் காட்டினார். உடைந்த முகத்தில் முக்கால் பங்கு கருத்துத் துருவேறிக் கிடந்தது. மீதிக் கால் பங்கு மட்டும் சர்க்கரை மாதிரி பளபளவென்று புதுசாக இருந்தது.

‘பாத்தீங்களா? கறுப்பா இருக்கறது பழைய வெடிப்பு. கொஞ்சம் கொஞ்சமா உள்ள ஓடியிருக்கு. தண்ணி பூந்து துரு ஏறியிருக்கு. வெள்ளையா இருக்கறதுதான் கடைசியா ஒடைஞ்சது.’

‘வெயிட்டு தாங்காமத்தானே?’ என்றார் பெரியப்பா, விடாமல். விஷயத்தையும் சொன்னார்.

பாய் சிரித்துவிட்டார். ‘அம்மாவ சொல்லாதீங்க சார், பாவம். பின்னாடி மூணு பேரு, டிக்கி ஃபுல்லா சாமான்னு போறதுக்குன்னே செஞ்ச வண்டி இது. ஒரு ஆளு ஒக்காந்தா பட்டை கட்டாவுமா? யு போல்ட் டைட்டா இருந்தா பட்டையோட நடு எடம் வளையாது. லூஸானா அங்கயும் வளைய ஆரம்பிக்கும். அங்கதான் ஓட்டை இருக்கு. ஓட்டை இருக்கற எடம்தான வீக்கு? கம்பிய முன்னும் பின்னும் வளைச்சா ஒடையுதில்ல, அதான்.’

‘அது ஏன் இடது பக்கம் மட்டும்?’

‘நம்ம ஊர்ல எந்தப் பக்கம் சார் வண்டி ஓட்றோம்? பஸ்ஸுக்கு ஒதுங்கும்போது தார் ரோட்டை வுட்டு மண்ணுல எறங்கறது எந்தச் சக்கரம்?’

பெரியப்பா பேசவில்லை. எனக்கு ஒரு கணக்கு இடித்தது. இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் அதே சீட்டில் உட்கார்ந்தவரால், போன தீபாவளிக்கு அப்புறம் மட்டும் வண்டி எப்படி அமுங்கும்? தீபாவளிக்கு முன்னால் என்ன நடந்தது என்று கேட்டேன். வேறொரு பட்டறையில் புஷ் மாற்றினாராம். யு போல்ட்டைக் கழற்றாமல் புஷ் மாற்றப் பட்டையை இறக்க முடியாது. மாட்டியபின் கொஞ்சம் ஓட்டிவிட்டு வந்து மறுபடி இறுக்கிக்கொள்ளும்படி அங்கே யாரும் சொல்லவில்லை. அவ்வளவுதான் கதை.

‘இப்படியே விழுப்புரம் போயிருந்தா?’ என்றேன்.

பாய் மெயின் பட்டையின் வளையத்தைக் காட்டினார். ‘ரெண்டு பட்டை செய்ற வேலைய இப்ப இது ஒண்ணே செய்யுது. இது கட்டானா இந்தப் பக்கம் ஆக்ஸில் பின்னாடி போயிடும். ஸ்டீரிங்க நீங்க ஒரு பக்கம் புடிப்பீங்க, வண்டி ஒரு பக்கம் போவும்.’

ஜி.எஸ்.டி. ரோடு. எண்பது கிலோமீட்டர் வேகம். வண்டியில் ஐந்து பேர். பெரியப்பா டீ வேண்டாம் என்றார். அவர் டீ வேண்டாம் என்று நான் பார்த்ததே இல்லை.

* * *

சரி, எப்படிச் சரி செய்வது? மூன்று வழிகள் இருக்கின்றன.

ஒன்று, எக்ஸ்ட்ரா பட்டை ஒன்றைச் செருகுவது. மலிவு. வண்டி நிமிரும். ஆனால் சவாரி கட்டை வண்டி மாதிரி ஆகும். உடைந்ததும் உள்ளேயே இருக்கும்.

இரண்டு, தளர்ந்த பட்டையை அடித்து வளைவு ஏற்றுவது. தெரிந்தவர் செய்தால் சில காலம் நிற்கும். உலையில் போட்டுக் காய்ச்சி, ஏதோ ஒரு வாளித் தண்ணீரில் முக்கி எடுத்தால் எஃகின் பதம் போய்விடும். அப்புறம் அது அரிவாளுக்கு ஆகும், அம்பாசடருக்கு ஆகாது.

மூன்று, புதுசு போடுவது. போட்டால் இரண்டு பக்கமும் சேர்த்துப் போட வேண்டும். இடதுபுறம் மட்டும் புதுசு என்றால் வண்டி வலதுபுறம் சாயும். வலதுபுறம் உட்காருவது யார் என்று அடுத்த ஆராய்ச்சி ஆரம்பமாகும்.

மூன்றாவதையே செய்தோம். ஜி.பி. ரோடில் தேடி இரண்டு கட்டும், புது யு போல்ட்டுகளும், புஷ்களும் வாங்கினோம். யு போல்ட்டில் மிச்சம் பிடிக்காதீர்கள். ஒருமுறை இறுக்கி நீண்டதை மறுபடி பயன்படுத்துவது, கிழிந்த கயிற்றில் முடிச்சுப் போட்டுக் கிணற்றில் இறங்குகிற மாதிரி.

பக்கத்தில் நின்று நீங்கள் கவனிக்க வேண்டிய விஷயங்கள் மூன்று. ரப்பர் புஷ் சுலபமாக நுழைய கிரீஸும் டீசலும் தடவுவார்கள். தடுத்துவிடுங்கள், ரப்பர் ஊறிப் போகும். சோப்புத் தண்ணீர் போதும். இரண்டாவது, புஷ் போல்ட்டுகளை வண்டி தூக்கில் தொங்கும்போது முழுசாக இறுக்கக் கூடாது. சக்கரத்தைத் தரையில் இறக்கி, வண்டி தன் பாரத்தில் உட்கார்ந்த பிறகே கடைசி இறுக்கு. இல்லாவிட்டால் புஷ் முறுக்கிக்கொண்டே இருந்து சீக்கிரம் கிழியும். மூன்றாவது, யு போல்ட் நட்டுகளை ஒன்றை முழுசாக முடித்துவிட்டு அடுத்ததற்குப் போகக் கூடாது. கொஞ்சம் கொஞ்சமாக, குறுக்கும் மறுக்குமாக இறுக்க வேண்டும்.

சாயங்காலம் வண்டி நிமிர்ந்து நின்றது. டேப் வைத்தோம். இரண்டு பக்கமும் ஒரே அளவு.

பெரியப்பா தலைமுறை ஆண்களுக்கு மன்னிப்புக் கேட்க வாய் வராது. உடைந்த பட்டைத் துண்டைப் பேப்பரில் சுற்றி வீட்டுக்கு எடுத்துவந்து டேபிள்மேல் வைத்தார். ‘இதான் உடைஞ்சிருக்கு. போல்ட் லூஸாம். வெயிட்டுக்கும் அதுக்கும் சம்பந்தமே கிடையாதாம்’ என்று சுவரைப் பார்த்துச் சொன்னார்.

பெரியம்மா துண்டைக் கையில் வாங்கி எடை பார்த்தார். புடவைத் தலைப்பால் துடைத்தார். ஷோகேஸில் தஞ்சாவூர் பொம்மைக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்தார்.

‘எதுக்கு அங்க?’

‘இருக்கட்டும். சம்பந்தி வரும்போது அவங்களும் பார்க்கட்டும்.’

வளைகாப்புக்குக் காரில்தான் போனார்கள். பின் சீட்டு, இடதுபுறம். பெரியம்மா ஏறும்போது பெரியப்பா வண்டியைப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

* * *

‘நம்மகிட்ட அம்பாசடர் எங்கே இருக்கு? செகண்ட் ஹேண்டில் வாங்கின சின்ன கார்தானே’ என்கிறீர்களா? அதில் பட்டைக்குப் பதில் சுருள் ஸ்பிரிங் இருக்கும். அதுவும் துருப்பிடிக்கும், அதுவும் உடையும். பெரும்பாலும் அடிச் சுற்றில், குனிந்து பார்க்காதவர் கண்ணில் படாத இடத்தில். ஸ்பிரிங் பாரம் தாங்கும், ஷாக் ஆட்டத்தை அடக்கும் என்ற விதி அதற்கும் உண்டு. இரண்டு பக்கமும் சேர்த்தே மாற்ற வேண்டும் என்பதும் உண்டு. டயரில் அங்கங்கே திட்டுத் திட்டாகத் தேய்மானம் இருந்தால் ஷாக் அப்சார்பரைச் சந்தேகப்படுங்கள்.

பட்டை வண்டி வைத்திருப்பவர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை: பட்டையைக் கழற்றி மாட்டினால் 500 கிலோமீட்டர் ஓடியதும் யு போல்ட்டை மறுபடி இறுக்குங்கள். பத்து நிமிஷ வேலை.

நாளைக் காலை ஆபீஸுக்குக் கிளம்பும் முன், வண்டிக்குப் பின்னால் பத்தடி தள்ளி நின்று ஒரு பார்வை பாருங்கள். நேராக நின்றால் கிளம்புங்கள். சாய்ந்திருந்தால் டேப்பை எடுங்கள். எந்த சீட்டில் யார் உட்காருகிறார் என்ற ஆராய்ச்சியை அதற்கப்புறம் வைத்துக்கொள்ளலாம். முடிந்தால், வைத்துக்கொள்ளாமலே இருக்கலாம்.